குதிரைக்கு மூலிகையா, மாத்திரையா? நோய்க்கு நோய் மாறும் பதில்

குதிரை வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஒருவர், "ரசாயன மருந்து எல்லாம் குடலைக் கெடுக்கும், மூலிகைதான் பத்திரம்" என்பார். இன்னொருவர், "மூலிகை, அக்குபங்சர், நீவிவிடுவது எல்லாமே காசு பிடுங்கும் வேலை" என்பார். இருவரும் வைத்தியத்தை மொத்தமாக வைத்து எடைபோடுகிறார்கள். காலில் கிழிந்த புண்ணைத் தேன் நன்றாக ஆற்றும் என்பதால், வயதான குதிரையின் ஹார்மோன் கோளாறை மூலிகைப் பொடி சரிசெய்துவிடும் என்று ஆகிவிடாது. அதனால் நோய் நோயாகப் பிரித்து, எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன்.

புண்: தேனும் அயோடினும்

இயற்கை வைத்தியத்துக்கு மிக உறுதியான ஆதாரம் இருக்கும் இடம் இதுதான். குதிரையின் முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. தோல், தசைநாண், எலும்பு, அவ்வளவுதான். ரத்த ஓட்டம் குறைவு, அசைவு அதிகம். அங்கே வரும் புண் சீக்கிரம் மூடாது. மேலே தோல் வந்து மூடுவதற்குள் உள்ளிருந்து சிவந்த சதை பொங்கி வளர்ந்து, புண்ணின் விளிம்பைத் தாண்டி நிற்கும். அப்புறம் அதை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

தேனில் தண்ணீர் மிகக் குறைவு, அமிலத்தன்மை உண்டு, புண்ணின் நீரோடு கலக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். நியூசிலாந்தின் மனுகா தேனில் மெத்தில்கிளையாக்சல் என்ற இன்னொரு கிருமிக்கொல்லியும் சேர்ந்திருக்கிறது. குதிரைகளின் கால் புண்களில் மனுகா தேனை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளில், புண் விரிவது குறைந்து சீக்கிரம் மூடியது. தையல் போடும் முன் காயத்துக்குள் மருத்துவத் தரத் தேன் தடவிய குதிரைகளுக்குச் சீழ் பிடிப்பது குறைந்ததாக 2020இல் வெளியான ஓர் ஆய்வும் சொல்கிறது.

அயோடின் கரைசலின் இடம் வேறு. புதுப் புண்ணைக் கழுவ அது நல்லது, ஆனால் நன்றாக நீர்க்கவைத்து, வெளிறிய தேநீர் நிறத்தில் இருக்க வேண்டும். பாட்டிலில் இருப்பதை அப்படியே ஊற்றினால் கிருமியோடு ஆறிவரும் திசுவும் சாகும். ஆக, கழுவுவதற்கு அயோடின் அல்லது உப்புநீர், கட்டுவதற்குத் தேன் என்று வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை. தேன் கதிர்வீச்சால் கிருமி நீக்கிய மருத்துவத் தரத் தேனாக இருக்க வேண்டும். கூட்டிலிருந்து எடுத்த தேனில் கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். அப்புறம், எந்தத் தேனும் டெட்டனஸ் தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் மிக எளிதாகத் தாக்குவது குதிரையைத்தான். புண் மூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும். மூட்டு நீரில் கிருமி இறங்கிவிட்டால் அந்தக் கால் போய்விடும்.

மூட்டுவலியும் முதுகுவலியும்

இங்கேதான் போட்டி கடுமை. ஃபினைல்பியூட்டசோன், சுருக்கமாக 'பியூட்', குதிரை வலிக்குப் பழைய மருந்து. மலிவு, வேகம், நிச்சயம். அதன் குறையும் உண்மை. உடலில் உண்டாகும் புராஸ்டகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்களில் வலியைத் தருபவற்றைத் தடுக்கும்போது, இரைப்பைச் சுவரையும் சிறுநீரகத்தையும் காக்கும் புராஸ்டகிளாண்டின்களையும் சேர்த்தே தடுக்கிறது. குதிரையின் வயிறு தீனி இல்லாதபோதும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் கொடுத்தால் இரைப்பைப் புண், பெருங்குடல் அழற்சி, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரலாம்.

இதற்கு மாற்றாக விற்பது ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள கலஹாரி மணலில் விளையும் டெவில்ஸ் கிளா என்ற செடியின் கிழங்கு. அதில் உள்ள ஹார்பகோசைடு அழற்சியைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வகச் சான்று இருக்கிறது. குதிரைகளில் செய்த நல்ல சோதனைகள் மிகக் குறைவு. என்னைக் கவலைப்படுத்துவது வேறு விஷயம். இது வேலை செய்தால், ஏறக்குறைய பியூட் போகும் வழியிலேயே வேலை செய்யும். அப்படியானால் வயிற்றுக்கு மட்டும் எப்படிப் பத்திரமாகும்? வயிற்றுப் புண் உள்ள குதிரைக்கும் சினைக் குதிரைக்கும் இதைத் தராமல் இருப்பதே சரி. பியூட்டோடு சேர்த்துத் தருவது இன்னும் மோசம்.

போட்டிக்குப் போகும் குதிரை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் ஹார்பகோசைடு இருக்கிறது. மிளகாயின் கேப்சைசினும் இருக்கிறது. 2008 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது நான்கு குதிரைகளிடம் கேப்சைசின் பிடிபட்டது. அதில் ஒரு குதிரையால் நார்வே அணி வெண்கலத்தை இழந்தது. 'இயற்கைதானே' என்ற சொல்லைச் சோதனைக்கூடம் கேட்டுக்கொண்டிருக்காது.

அக்குபங்சரை நான் இவ்வளவு சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. நாள்பட்ட முதுகுவலி உள்ள குதிரைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த, 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஊசிகள் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்திய குதிரைகளுக்கு வலி குறைந்தது. பியூட் கொடுத்தவற்றுக்கு அந்த அளவு குறையவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஊசி குத்தும்போது உடல் தன் வலிநிவாரணிகளைச் சுரக்கிறது என்பதால் விஷயத்தில் பொருள் இருக்கிறது. நீவிவிடுவதும் முதுகெலும்பை அசைத்துத் தளர்த்துவதும் இறுகிய தசைக்கு இதம் தரும். 'விலகிய எலும்பைத் தட்டி உட்காரவைத்தேன்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவ்வளவு தடித்த தசைக்கு அடியில் இருக்கும் எலும்பு, கையால் தட்டி விலகவும் செய்யாது, உட்காரவும் செய்யாது.

எதற்கும் முன்னால் சேணத்தைப் பாருங்கள். சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் முதுகில் வியர்வை படிந்திருப்பதைக் கவனியுங்கள். சுற்றிலும் நனைந்து, நடுவில் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்த திட்டு இருந்தால், அங்கே சேணம் அழுத்துகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அழுத்தும் சேணத்தை வைத்துக்கொண்டு ஊசி குத்தினாலும் பயனில்லை, பியூட் கொடுத்தாலும் பயனில்லை.

தேறிவிட்டது என்பதை யார் சொல்வது? நாம்தான். சிக்கலும் அங்கேதான். மூட்டுவலியால் நொண்டும் நாய்களை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. வெறும் போலி மாத்திரை பெற்ற நாய்களின் நடையை, கால் ஊன்றும் விசையை அளக்கும் தகட்டில் பார்த்தார்கள். வளர்ப்பவர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். தகடு முன்னேற்றம் காட்டாதபோதும், சுமார் 40 சதவீதம் தடவை வளர்ப்பவர்கள் 'தேறியிருக்கிறது' என்றார்கள். கால்நடை மருத்துவர்களும் அதே அளவுக்கு ஏமாந்தார்கள். நாய்க்குப் போலி மாத்திரை என்று தெரியாது, உண்மைதான். பார்க்கும் கண்ணுக்கு நம்பிக்கை இருக்கிறதே! மூலிகைக்கும் மாத்திரைக்கும் இது பொதுவான விஷயம். அதனால் வைத்தியம் தொடங்கும் முன்பே குதிரையை ஒரே தரையில், ஒரே வேகத்தில் நடக்கவிட்டு வீடியோ எடுத்துவைத்து, பிறகு எந்த வீடியோ எப்போது எடுத்தது என்று தெரியாத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

குஷிங் நோய்: மூலிகை தோற்ற இடம்

வயதான குதிரை, வெயில் காலம் வந்தும் ரோமம் உதிர்க்காமல் நீண்ட சுருள் முடியோடு நிற்கும். முதுகுத் தசை வற்றும், தண்ணீர் நிறையக் குடிக்கும், கண்ணுக்கு மேலே கொழுப்பு திரளும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைக் கட்டுப்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்துபோவதுதான் காரணம். ரோமம் பெரிய ஆபத்து இல்லை. பின்னால் வரும் குளம்பு அழற்சிதான் குதிரையைக் கொல்வது.

இதற்கு நம் நொச்சியின் நெருங்கிய உறவான ஒரு மத்தியதரைக் கடல் பகுதிச் செடியின் பழச்சாற்றை விற்கிறார்கள். தாவரவியலில் அதன் பெயர் வைடெக்ஸ் ஆக்னஸ் காஸ்டஸ். எதிர்ப்பக்கம் நிற்பது பெர்கோலைட் மாத்திரை. இரண்டையும் நேருக்கு நேர் வைத்த ஆய்வு 2002இலேயே வந்துவிட்டது. வைடெக்ஸ் பெற்ற குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பலன் இல்லை. பெர்கோலைட்டில் பெரும்பாலானவை தேறின. முடி கொஞ்சம் உதிர்ந்ததைப் பார்த்து 'மூலிகை கேட்கிறது' என்று காத்திருக்கும் மாதங்களில் குளம்பு போய்விடும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரத்தத்தில் ஏசிடிஹெச் என்ற பிட்யூட்டரி ஹார்மோனின் அளவைப் பார்த்து, மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்குவதே வழி. முதல் சில நாள் தீனி எடுப்பது குறையலாம். மருத்துவர் அளவைச் சரிசெய்வார்.

இத்தனைக்கும் பெர்கோலைட் எங்கிருந்து வந்தது? கம்பு போன்ற ரை தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையின் வேதிப்பொருள்களிலிருந்து உருவானது. இயற்கையில் இருந்ததை எடுத்து, மாற்றி, அளந்து, சோதித்து வைத்தது.

குடற்புழு

பூண்டோ மூலிகைக் கலவையோ குதிரையின் குடற்புழுவை நீக்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. மறுபக்கம், புழுமருந்தை நாள்காட்டி பார்த்து எல்லாக் குதிரைக்கும் ஊற்றியதால், சிறு புழுக்கள் பல மருந்துகளுக்கு அசராமல் ஆகிவிட்டன. நடுவே நல்ல வழி ஒன்று இருக்கிறது: லத்தியை எடுத்து, கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணுவது. ஒரு மந்தையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குதிரைதான் மொத்த முட்டைகளில் 80 சதவீதம் வரை போடுகிறது. அதற்கு மருந்து கொடுத்து, 14 நாள் கழித்து மறுபடி எண்ணினால் மருந்து வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். மூலிகைதான் கொடுப்பேன் என்பவர்களும் இதே சோதனையைச் செய்து பார்க்கட்டும். எண்ணிக்கை பொய் சொல்லாது. ஆட்டுக்கு நிலைமை வேறு. டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த சில தீவனச் செடிகளை மேய்ந்த ஆடுகளில் வயிற்றுப் புழு குறைந்தது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

ஹோமியோபதி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 30சி என்று எழுதிய மருந்தில் மூலப்பொருள் 1க்குப் பின்னால் 60 பூஜ்யம் போட்ட அளவுக்கு நீர்த்திருக்கும். ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது. கெடுதல் இல்லை என்கிறார்கள். சரி, ஆனால் வேலை செய்யும் மருந்துக்குப் போக வேண்டிய நேரம் அதில் போகிறது.

வயிற்றுவலியில் ஒப்பீடே வேண்டாம். குதிரை தரையில் புரண்டால், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், ஓய்வில் இருக்கும்போதும் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 60க்கு மேல் போனால், மருத்துவரைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. கஷாயமோ எண்ணெயோ வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

'விலங்குக்கே தெரியும்' என்ற வாதம்

சுமத்ராவில் ராகுஸ் என்ற ஒராங்குட்டான், 2022இல் தன் முகத்துக் காயத்தில் ஒரு கொடியின் இலையை மென்று பூசியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அற்புதமான செய்தி. இதை வைத்து, குதிரையின் முன்னால் பல மூலிகைகளை நீட்டி, அது முகர்ந்து தேர்ந்தெடுப்பதே மருந்து என்று சிலர் செய்கிறார்கள். கனடாவில் நடந்த, 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், குதிரைகள் விரும்பித் தின்னும் அளவுக்கு உலர்பூண்டு கொடுத்தார்கள். அவை தின்றுகொண்டே இருந்தன. சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வந்தது. காய்ந்த அரளி இலை வைக்கோலில் கலந்திருந்தால் அதையும் குதிரை தின்றுவிடும், செத்தும் போகும்.

நாய்க்கும் பூனைக்கும் வரும்போது இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு. வெங்காயமும் பூண்டும் இரண்டுக்குமே விஷம், பூனைக்கு இன்னும் அதிகம். பூனையின் கல்லீரலில் பல வேதிப்பொருள்களைச் செயலிழக்கச் செய்யும் ஒரு முக்கியமான நொதி போதுமான அளவு இல்லை. பாரசிட்டமால் அதைக் கொல்வதற்கும், தெள்ளுக்காகப் பூசும் டீ ட்ரீ எண்ணெய் அதைத் தள்ளாட வைப்பதற்கும் அதில் பங்கு உண்டு. எண்ணெய் பூசிய பூனை நடுங்கினாலோ பின்னங்கால் பின்னினாலோ, அது மேலும் நக்கிவிடாதபடி மிதமான சோப்பால் உடனே கழுவி, எண்ணெய்ப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.