வேலூர் வெயிலில் ஜிஆர் 3-ம் எக்ஸ்100வி-யும்: கூடவே வைத்திருந்து பார்த்ததில்

இந்த இரண்டு கேமராக்களில் ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இருந்துகொண்டு பகலில் வெளியே சுற்றிப் படம் எடுக்கிறவர் என்றால் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100வி. இத்தனைக்கும் ரிக்கோ ஜிஆர் 3-தான் என் சொந்தக் காசில் வாங்கியது, பாசமும் அதன் மேல்தான். படத்தின் தரத்தை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலையும் புழுதியையும் வைத்துச் சொல்கிறேன்.

எக்ஸ்100வி என் மச்சானுடையது. அவருக்கு பெங்களூரில் வேலை. ஊருக்கு வரும்போது கொண்டு வருவார், போகும்போது "நீயே வெச்சிரு மாமா" என்று விட்டுவிட்டுப் போவார். பதிலுக்கு அவ்வப்போது என் ஜிஆரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இப்படி மாறி மாறி இரண்டும் என் கையில் சில வருடங்களாகப் புழங்குகின்றன.

தெரியாதவர்களுக்காக அடிப்படை விவரம். இரண்டிலும் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது, ஜூமும் கிடையாது. படத்தைப் பதியும் சென்சார் இரண்டிலும் ஏபிஎஸ்-சி என்ற ஒரே அளவு. 2019-ல் வந்த ஜிஆர் 3-ல் 24 மெகாபிக்சல், 28 மிமீ கோணம் தரும் எஃப் 2.8 லென்ஸ். 2020-ல் வந்த எக்ஸ்100வி-யில் 26 மெகாபிக்சல், 35 மிமீ கோணம் தரும் எஃப் 2 லென்ஸ். (மிமீ எண் சிறிதானால் படத்தில் அதிக இடம் அடங்கும், எஃப் எண் சிறிதானால் அதிக வெளிச்சம் உள்ளே வரும்.) பேட்டரியோடு ஜிஆரின் எடை 257 கிராம், ஃபுஜி 478 கிராம். வெளியானபோது அமெரிக்காவில் ஜிஆர் 899 டாலர், ஃபுஜி 1,399 டாலர். அப்புறம் 2022 வாக்கில் டிக்டாக்கில் எக்ஸ்100வி திடீரென்று பிரபலமாகி, எங்கேயும் கிடைக்காமல் போய், பழைய கேமராவே புதிய விலைக்கு மேல் விற்றது. டிக்டாக்கை 2020-லேயே தடை செய்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதன் விலையேற்றத்தை மட்டும் நாமும் சுமந்தோம்.

முதலில் வெயில். வெளிநாட்டு விமர்சனங்களில் ஜிஆருக்குக் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். மே மாதம் 42 டிகிரி அடிக்கும்போது கோட்டைக்கு எதிரே நின்று பார்த்தால்தான் அந்த ஒரு வரியின் கனம் தெரியும். பதினொரு மணிக்கு மேல் அகழித் தண்ணீரும் கருங்கல் மதிலும் சேர்ந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஜிஆரின் திரையில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்தாலும், கண்ணுக்குத் தெரிவது என்னவோ என் முகமும் பின்னால் இருக்கிற வானமும்தான். இடது கையைக் குடை மாதிரி பிடித்து, குத்துமதிப்பாகப் படத்தின் சட்டத்தை (ஃபிரேமை) பார்த்து அழுத்த வேண்டும். மேலே செருகிக்கொள்ளும் தனி வியூஃபைண்டர் விற்கிறார்கள். அதில் சட்டம் மட்டும்தான் தெரியும், ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று தெரியாது. அதை மாட்டினால் பாக்கெட்டிலும் போகாது. பாக்கெட்டில் போகாத ஜிஆர் எதற்கு?

எக்ஸ்100வி-யில் கண்ணை வைத்தால் வெயில் வெளியே நின்றுவிடுகிறது. முன்பக்கம் இருக்கும் சிறு நெம்பை இழுத்தால் கண்ணாடி வழியாக நேரே பார்க்கலாம், மறுபடி இழுத்தால் மின் திரை. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது படத்தின் எல்லை வெள்ளைக் கோடாகத் தெரியும், கோட்டுக்கு வெளியே நடப்பதும் தெரியும். லாங்கு பஜாரில் மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டி எந்தப் பக்கத்திலிருந்து சட்டத்துக்குள் வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்து விரலைத் தயாராக வைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் எடையைச் சுமக்கலாம் என்பது என் கருத்து.

உச்சி வெயிலில் முகம் எடுத்தால் கண் இருக்கும் இடம் இரண்டும் கருங்குழியாக வரும். அதற்கு ஃபுஜியின் சின்ன ஃபிளாஷ் அருமையான மருந்து. இதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் சரியாக வேலை செய்யும். பின்னால் வானத்தை நீலமாகவே வைத்துக்கொண்டு முகத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தரலாம். ஃபிளாஷின் அளவை மட்டும் இரண்டு படி குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் ஆதார் அட்டைப் படத்தில் இருப்பது போல இருப்பார்கள். 2015-ல் வந்த ஜிஆர் 2-ல் ஃபிளாஷ் இருந்தது. ஜிஆர் 3-ஐச் சிறிதாக்கும்போது அதை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து புழுதி. ஜிஆரை ஆன் செய்தால் லென்ஸ் குழாய் வெளியே வரும், ஆஃப் செய்தால் உள்ளே போகும். தூசிக்கு அடைப்பு எதுவும் கிடையாது. ஜிஆர் வரிசையில் சென்சார் மேல் தூசி உட்காருவது உலகம் முழுக்கப் பேசப்படுகிற விஷயம். லென்ஸைக் கழற்ற முடியாததால் நாமே துடைக்கவும் முடியாது. அதனால் நான் வாங்கிய நாளிலிருந்தே அதை ஜிப் வைத்த சின்ன உறையில்தான் வைக்கிறேன், பேன்ட் பாக்கெட்டில் வெறுமனே போடுவதில்லை. பாக்கெட்டின் அடியில் சேரும் பஞ்சும் வியர்வையும் போதும், வேறு எதிரி வேண்டாம். சட்டைப் பையில் வைத்தால் வண்டியின் சைடு ஸ்டாண்டைத் தள்ளக் குனியும்போது எட்டிப் பார்க்கும். ஃபுஜியின் லென்ஸ் உள்ளே வெளியே போய் வருவதில்லை. அதற்கான வளையத்தையும் 49 மிமீ ஃபில்டரையும் மாட்டிவிட்டால் தூசிக்கும் தூறலுக்கும் தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. கவனிக்க, இரண்டும் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும்.

மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரைக்குப் போனவர்களுக்கு நான் சொல்லும் புழுதி தெரியும். சிவராத்திரி முடிந்து அமாவாசையன்று அங்காளம்மனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஊர்வலம் ஆற்றுக்குள் இறங்கும். காளி வேஷம் கட்டியவர்கள் சுற்றி ஆடுவார்கள். தானியம், காய்கறி, சில்லறை எல்லாம் தலைக்கு மேலே பறக்கும். மணலும் மஞ்சளும் விபூதியும் கலந்து காற்றே நிறம் மாறிவிடும். உண்மையைச் சொன்னால் இந்த இடத்துக்கு, ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே நிறுத்தி வைக்கும் ஜிஆரின் ஸ்னாப் ஃபோகஸ்தான் பொருத்தம். 2 மீட்டர், எஃப் 8 என்று வைத்துவிட்டால் ஒரு மீட்டரிலிருந்து கூட்டத்தின் கடைசி வரை தெளிவாக இருக்கும். பட்டனை ஒரேயடியாக அழுத்தினால் ஃபோகஸ் தேடாமல் அடுத்த கணமே படம் விழும். இவ்வளவு வேகமான ஏற்பாடு ஃபுஜியில் இல்லை. ஆனாலும் அந்தக் காற்றில் ஜிஆரின் குழாயை வெளியே நீட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஃபுஜியை மேனுவல் ஃபோகஸில் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, எஃப் 8-ல் நிறுத்திவிடுகிறேன். ஒன்றரை மீட்டர் சொச்சத்திலிருந்து தெளிவாக வருகிறது. கையருகே வந்து நாக்கை நீட்டுகிற காளி மட்டும் கொஞ்சம் மங்குவார். பரவாயில்லை.

எருது விடும் விழாவுக்கு இரண்டுமே உதவாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் மாடு கட்டை விரல் அளவுதான் வரும், தடுப்புக்கு அந்தப் பக்கம் போவது புத்திசாலித்தனம் இல்லை. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் கேமராவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், உள்ளே அனுமதி கிடையாது.

ஜிஆர் எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். தூணுக்குத் தூண் குதிரையும் யாளியும் பாய்ந்துகொண்டு நிற்கும். பின்னால் போக இடம் இருக்காது, வெளிச்சமும் பக்கவாட்டில்தான் வரும். இங்கே 28 மிமீ கோணம் தூணை அடி முதல் நுனி வரை கொள்கிறது. ஃபுஜியில் இல்லாத கை நடுக்கம் தாங்கும் வசதி ஜிஆரில் இருக்கிறது. ஸ்டாண்டு இல்லாமலே 1/8 விநாடியில் மூச்சைப் பிடித்து எடுத்தால் குதிரையின் கடிவாளத்தில் உள்ள மணி வரை எண்ணலாம். ஹை-கான்ட்ராஸ்ட் கறுப்பு வெள்ளையில் போட்டால் அந்தக் கருங்கல்லில் உளி பட்ட இடம் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. ஓரம் வரை கூர்மை என்று பார்த்தால் ஜிஆர் லென்ஸ்தான் ஒரு படி மேல். நம் ஊரில் கல் சிற்பங்களைப் படம் எடுக்கிறவர்களுக்கு, கோயில் கோயிலாகச் சுற்றுகிறவர்களுக்கு என் பதில் தலைகீழாக மாறும்: ஜிஆரையே வாங்குங்கள்.

இந்தக் கை நடுக்கம் தாங்கும் வசதி தெருக்கூத்தில் கை கொடுக்காது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நம் கை ஆடுவதைத்தான் அது தாங்கும், எதிரே ஆடுகிறவரை நிறுத்தாது. திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி கூத்தில் துரியோதனன் வேஷம் திரை விலக்கி வந்து சுழன்று கிறுக்கி அடிக்கும்போது 1/250 விநாடியாவது வேண்டும். இருப்பது இரண்டு மூன்று ஃபோகஸ் லைட். எஃப் 2-க்கும் எஃப் 2.8-க்கும் உள்ள ஒரு படி வித்தியாசம் இங்கேதான் தெரியும். ஃபுஜியில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு, ஏற்ற ஏற்றப் படத்தில் பொரி கூடும்) 3200-ல் எடுப்பதை ஜிஆரில் 6400-ல் எடுக்க வேண்டும். அரிதாரச் சிவப்பும் கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளும் 3200-ல் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. மறுநாள் படுகளத்தில் மைதானம் நிறைய மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனை எடுக்கும்போது மறுபடியும் 28 மிமீ-தான் சௌகரியம். தலை முதல் கால் வரை உருவமும், சுற்றி நிற்கும் ஜனமும் ஒரே சட்டத்தில் அடங்கும்.

வீட்டு விசேஷங்களில் இரண்டும் ஷட்டர் சத்தமே கேட்காத கேமராக்கள், காது குத்தும்போது குழந்தை திரும்பிப் பார்க்காது. மண்டபத்து எல்.இ.டி. விளக்குகளில் படத்தில் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கு அதுதான் ஒத்துப்போகும்.

ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் ஒரு கணக்கு. ஜிஆர் சோப்புப் பெட்டி அளவுதான், யாரும் கண்டுகொள்வதில்லை. எக்ஸ்100வி வெள்ளி நிறத்தில், மேலே திருகும் வட்டுகளோடு, பழைய ஃபிலிம் கேமரா மாதிரி இருக்கும். நேதாஜி மார்க்கெட்டில் பூ கட்டுகிற அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, இன்னுமா ரோல் கெடைக்குது?" என்றார். பின் திரையில் காட்டியதும் பக்கத்துக் கடைக்காரர், அவருடைய மகன் என்று எல்லோரும் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே கேட்டுவிட்டு எடுப்பது எனக்குச் சுலபமாகிவிட்டது. அந்த அக்கா மல்லிகையை நாரில் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டி முடிச்சுப் போடுவதை அருகே போய் எடுக்க முடிந்தது இந்தக் கேமராவின் தோற்றத்தால்தான். யாருக்கும் தெரியாமல் எடுக்கத்தான் ஜிஆர் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சி.எம்.சி. மருத்துவமனை எதிரே ஆற்காடு ரோட்டில் வங்காள எழுத்துப் பலகைகளும் லாட்ஜுகளும் பார்க்கப் படமாகவே இருக்கும். ஆனால் அங்கே ஸ்கேன் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும். எந்தக் கேமராவாக இருந்தாலும் அவர்கள் முகத்தைத் தெரியாமல் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் கொண்டாடுகிற ஃபுஜியின் கிளாசிக் குரோம் என்ற நிற அமைப்பு நம் ஆட்களின் தோலை நண்பகலில் சாம்பல் பூசினது போல ஆக்குகிறது. முகத்துக்கு ஆஸ்டியா நன்றாக இருக்கிறது, தெருவுக்கு கிளாசிக் நெகட்டிவ். ஜிஆரின் பாசிட்டிவ் ஃபிலிமில் குங்குமமும் செங்கல்லும் அழுத்தமாக வரும். கடைப் பண்டம் எடுப்பதற்கும் ஜிஆர் நல்லது, மேக்ரோவில் 6 செ.மீ. வரை கிட்டப் போகலாம். ஆற்காடு மக்கன் பேடாவைப் பிட்டு உள்ளே இருக்கும் முந்திரியை எடுத்துப் பாருங்கள்.

பேட்டரியில் ஜிஆர் பலவீனம். கம்பெனி கணக்குப்படியே சுமார் 200 படம். ஃபுஜியில் கண்ணாடி வியூஃபைண்டரில் 420, மின் திரையில் 350. ஜிஆர் வாங்கினால் கூடவே இன்னொரு பேட்டரிக்கும் பணம் ஒதுக்குங்கள். இரண்டையும் போன் சார்ஜரின் சி வகை வயரிலேயே சார்ஜ் போடலாம், பவர் பேங்க் போதும்.

இரண்டுக்கும் வாரிசு வந்துவிட்டது. 2024-ல் வந்த எக்ஸ்100 6-ல் 40 மெகாபிக்சலும் கை நடுக்கம் தாங்கும் வசதியும் உண்டு. அதாவது கல்யாண மண்டபத்தில் நான் சொன்ன குறை அதில் தீர்ந்தது. 2025-ல் ஜிஆர் 4 வந்தது, அதிலும் வியூஃபைண்டர் இல்லை. பணம் இருந்தால் எக்ஸ்100 6-ஐப் பாருங்கள். பழையதாக வாங்குவதென்றால், எதுவாக இருந்தாலும், எஃப் 16-ல் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தால் அது சென்சார் தூசி. பிரித்துத் துடைக்க ஆகும் கூலியைக் கேட்டு, அதை விலையில் கழித்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஃபுஜி என்றால் அந்த வளையமும் ஃபில்டரும் சேர்த்துத் தருகிறாரா என்று அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.