கென்யப் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகளுக்கு: காதொலிக் கருவியா, சைகைமொழியா?

கென்ய ஆரம்பப் பள்ளியில் காது கேளாத இருபது பிள்ளைகள்; கையில் ஒரே ஒரு தொகை. கருவி வாங்குவதா, சைகைமொழி வகுப்புக்குச் செலவிடுவதா? எங்கள் தேர்வு சைகைமொழி.

ஓரளவு கேட்கும் பிள்ளைக்குக் கருவி பெரும் துணை, அதில் சந்தேகமே இல்லை. தொல்லையெல்லாம் பராமரிப்பில்தான். கருவியில் போடும் 675 அளவு பட்டன் பேட்டரி ஏறத்தாழ இரண்டு வாரம் ஓடும். மேலே ஒட்டியிருக்கும் நீலத்தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கிவிடும். திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. ஒரு பிள்ளையின் இரண்டு காதுக்கும், பள்ளி நடக்கும் 36 வாரத்துக்கு 36 பேட்டரி, இருபது பேருக்கு 720. அடுத்து, காதுக்குள் பொருந்தும் அச்சு. பிள்ளை வளர வளர ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ தளர்ந்து கீச்சிடும். உடனே ஒலியைக் குறைப்பார்கள், பிறகு கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார்கள். கடலோர நகரான மொம்பாசாவின் புழுக்கத்தில், அச்சையும் கருவியையும் இணைக்கும் குழாய்க்குள் ஒரு துளி ஈரம் கோத்தாலே ஒலி நின்றுவிடும். தினமும் காலையில் பிள்ளையின் பின்னால் நின்று 'ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்' என்று சொல்லிக் கேட்கிறதா என்று பார்க்காவிட்டால், செத்த கருவியை மாட்டிக்கொண்டே ஒரு பள்ளித் தவணை போய்விடும்.

சைகைமொழிக்குப் பேட்டரி வேண்டாம். 2010 அரசியலமைப்பு கென்யச் சைகைமொழியை நாடாளுமன்ற அலுவல் மொழிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளின் பெற்றோர் காது கேட்பவர்கள். அதனால் பலர் எந்த மொழியும் இல்லாமலேயே ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். அங்கே முதல் தேவை மொழி.

ஆனால் ஆசிரியரைக் குறுகிய பயிற்சிக்கு அனுப்பினால் மட்டும் போதாது. ஆங்கிலத்தைப் பேசிக்கொண்டே சொல்லுக்கு ஒரு சைகை காட்டினால் பிள்ளைக்குப் பிடிபடாது. சைகைமொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, புருவமும் முகமும் அதில் அடக்கம். பயிற்சி பெற்றவருக்கு மாற்றல் வந்தால் எல்லாம் முதலிலிருந்து. எனவே சைகைமொழியில் தேர்ந்த, வயதுவந்த காது கேளாதவர் ஒருவரைத் துணை ஆசிரியராக ஒன்றாம் வகுப்பில் அமர்த்துவதே முதல் செலவு. பிள்ளைகள் அரைவட்டமாக உட்காரட்டும். ஆசிரியர் சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் ஆசிரியரின் முகத்திலும் கையிலும் விழ வேண்டும். எழுதிக்கொண்டே சைகை காட்டக் கூடாது: எழுதி, திரும்பி, எல்லோரும் பார்க்கும்வரை காத்திருந்து பிறகு சொல்ல வேண்டும்.

கைக்குழந்தையிலேயே கருவி பொருத்தப்பட்டவர்கள் இப்பள்ளிகளுக்கு வருவது குறைவு. அவர்களுக்கும் இதே முடிவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. மிஞ்சும் பணத்தில் ஒருவருக்கேனும் கருவி வாங்கினால், ஓராண்டுப் பேட்டரியையும் இரண்டு முறை அச்செடுக்கும் செலவையும் அன்றே சேர்த்து ஒதுக்கிவிட வேண்டும்.