கொம்புத் தவளைக்கு எந்தப் படுகை? நார்த்தூளும் பாசியும் துடைதாளும் கூழாங்கல்லும்

போன மாதம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் என் கைப்பேசியில் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவன், ஒன்றில் நின்றுவிட்டான். ஈர மண்ணுக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும் தெரிகிற படம். "மாமா, இதற்கு உடம்பு எங்கே?"

பிரிட்டனில் வேலை பார்த்த காலத்தில் எட்டு ஆண்டுகள் என்னோடு இருந்த கொம்புத் தவளை அது. ஊர் திரும்பும்போது அங்கேயே ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் கொம்புத் தவளை கிடையாது. அதனால் "எனக்கும் ஒன்று வேண்டும்" என்று அவன் கேட்டபோது, பச்சை மரத்தவளைக்கு இங்கே அனுமதி உண்டு, உரிமம் பெற்ற கடையில் அதைப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். ஆனால் அன்று மாலை முழுக்க எங்கள் பேச்சு, தொட்டியின் அடியில் என்ன பரப்புவது என்பதிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. வெளிநாட்டில் கொம்புத் தவளை வளர்க்கும் நம்மவர்களுக்கும், இங்கே மரத்தவளை வாங்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

இப்படித் தொட்டியின் அடியில் பரப்புவதுதான் படுகை. அது எதற்காக என்று புரிய, கொம்புத் தவளை மண்ணுக்குள் இறங்குவதை ஒரு முறை பார்த்தாலே போதும். அது முன்னங்கால்களால் தோண்டுவதில்லை. பின்னங்கால்களின் அடியில் கரண்டி முனைபோல் ஒரு கெட்டியான மேடு இருக்கிறது. அதை வைத்து மண்ணை இரு பக்கமும் தள்ளித் தள்ளி, உடம்பை மெல்லத் திருகிக்கொண்டே பின்புறமாக அமிழ்கிறது. கடைசியில் கண்களும் வாயின் விளிம்பும்தான் மிச்சம். இந்தத் தவளைகள் தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. அர்ஜென்டினாவின் புல்வெளிகளில் ஓர் இனமும், அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா வரை விரியும் கிரான் சாக்கோ வறள்காட்டில் ஓர் இனமும், அமேசான் பகுதியில் இன்னோர் இனமும் உண்டு. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சாக்கோ இனம். மழை நின்றதும் அது மண்ணுக்குள் இறங்கி, உரிந்த தோலையே உறையாகப் போர்த்திக்கொண்டு அடுத்த மழைவரை காத்திருக்கும். இப்படிப்பட்ட உயிருக்குப் படுகைதான் வீடு. அது வாயால் தண்ணீர் குடிப்பதும் இல்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. படுகையில் உப்போ உரமோ கழிவின் அம்மோனியாவோ இருந்தால் அதுவும் அதே வழியில் உள்ளே போய்விடும்.

தேங்காய் நார்த்தூளில் தொடங்குகிறேன், என் ஓட்டு அதற்குத்தான். தோட்டக்காரர்கள் கோகோபீட் என்பது இதைத்தான். கயிறு திரிக்க நாரை உரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தூள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் மலைபோல் கொட்டிக் கிடந்த இந்தக் கழிவு, இன்று அழுத்திய கட்டிகளாக உலகமெங்கும் போகிறது. தென்னமெரிக்கத் தவளை கொங்கு நாட்டுத் தென்னையின் தூளில் புதைந்து கிடப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான். 650 கிராம் கட்டி ஒன்றை வெதுவெதுப்பான நீரில் போட்டால் எட்டு ஒன்பது லிட்டர் அளவுக்குப் பொங்கி வரும். வளர்ந்த தவளைக்குப் பத்து சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். தூள் மென்மையானது, இறுகாது, தோண்டிய பள்ளம் சரியாமல் நிற்கும். இரை பிடிக்கும்போது வாயோடு கொஞ்சம் போனாலும் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும்.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். கடலோர உப்பங்கழிகளில் ஊறவைத்த மட்டையிலிருந்து வரும் தூளில் உப்பு இருக்கும். "கழுவியது" என்று பொதியில் எழுதியிருந்தாலும் நான் துணியில் கட்டி இரண்டு முறை அலசாமல் போட்டதில்லை. இன்னொன்று, எவ்வளவு ஈரம் என்ற கணக்கு. புதிதாக வளர்ப்பவர்கள் வழுக்குவது இங்கேதான். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். இரண்டு சொட்டு விழுந்தால் சரி. தாரையாக ஓடினால் அது சேறு, அதில் கிடக்கும் தவளையின் வயிற்றுத் தோல் சிவந்து புண்ணாகும். ஒன்றுமே வராமல் பிடி உதிர்ந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் தவளை உறை போர்த்திக்கொண்டு உறங்கப் போய்விடலாம். என் தவளை ஒரு குளிர்காலத்தில் அப்படித்தான் செய்தது. அறையைச் சூடாக்கும் கருவி காற்றை உலர்த்திக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. காகிதம்போல் உலர்ந்த தோலோடு அதைத் தோண்டி எடுத்தபோது கை நடுங்கியது. ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் வைத்து ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உறை நெகிழ்ந்து கழன்றது. அதைத் தானே தின்று முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது.

நார்த்தூளுக்கு நேர்ப் போட்டி சமையலறைத் துடைதாள். அச்சும் வாசனையும் இல்லாத வெள்ளைத் தாளை நனைத்து இரண்டு மூன்று அடுக்காகப் போடுவார்கள். சுத்தம் என்று பார்த்தால் இதை வெல்ல எதுவும் இல்லை. மலம் எப்போது வந்தது, எப்படி இருந்தது, ரத்தம் உண்டா, புழு உண்டா என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நார்த்தூளில் இதெல்லாம் புதைந்து போகும். எனவே புதிதாக வாங்கிய தவளைக்கு முதல் முப்பது நாளும், நோயுற்ற தவளைக்குத் தேறும்வரையும் தாளே சிறந்தது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதையே ஆயுளுக்கும் போடுபவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். தாளில் கிடக்கும் கொம்புத் தவளை ஒளியத் துடிக்கிறது. மூலையில் தாளைச் சுருட்டி அதற்கடியில் தலையை நுழைக்கிறது. 10 முதல் 15 ஆண்டுகள் வாழக்கூடிய உயிரை, நமக்குத் துடைக்க எளிது என்பதற்காக வெட்டவெளியில் உட்கார வைப்பது நியாயமாகப் படவில்லை. உழைப்பும் அப்படி ஒன்றும் குறைவதில்லை. தாளைத் தினமும் மாற்றியாக வேண்டும், ஒரு நாள் தவறினாலும் அது தன் சிறுநீரிலேயே ஊறிக் கிடக்கும். நார்த்தூள் என்றால் அழுக்கான இடத்தை அன்றன்றே அள்ளி எடுத்துவிட்டு, முழுவதையும் மாதம் ஒருமுறை மாற்றலாம்.

ஜப்பானில் பலர் கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் நுரைப்பஞ்சு மெத்தையும் தாளின் வகைதான். குப்பை குறையும், தோண்ட முடியாத குறை அப்படியே இருக்கும்.

சதுப்பு நிலங்களில் வளரும் ஸ்பாக்னம் பாசி அழகானது, தன் எடையைப்போல் பல மடங்கு நீரைத் தாங்கும், எளிதில் பூஞ்சை பிடிக்காது. சிக்கல் அதன் நீண்ட இழைகளில்தான். கொம்புத் தவளை இரையை மட்டும் பிரித்து எடுப்பதில்லை, எதிரே இருப்பதையெல்லாம் சேர்த்துக் கவ்வுகிறது. இழையைக் கவ்விவிட்டால் பாதி தொண்டைக்குள்ளும் பாதி வெளியிலுமாகத் தொங்கும். பாசியை மட்டும் நிரப்பாமல், நறுக்கி, மூன்று பங்கு நார்த்தூளுக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்தால் நல்ல பலன் தரும். இரையை இடுக்கியால் பிடித்து வாய்க்கு நேரே நீட்டுவது எந்தப் படுகையானாலும் நல்ல பழக்கம்.

கூழாங்கல்லை ஒப்பிடவே மனம் வரவில்லை, ஆனாலும் மீன்தொட்டியோடு சேர்த்து அதைத்தான் விற்கிறார்கள். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர் நீலமும் வெள்ளையுமான கற்களைப் போட்டிருந்தார். அவருடைய தவளை பத்து நாள் மலம் கழிக்கவில்லை. வயிறு ஒரு பக்கம் மட்டும் புடைத்தது. ஊடுகதிர்ப் படத்தில் குடலுக்குள் ஐந்து கற்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அறுவைக்கு முன்பே அது இறந்துவிட்டது. கல்லைவிடத் தவளையின் வாய் சிறியதாக இருக்கும் அளவுக்குப் பெரிய கல் என்றால் விழுங்காது அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. விழுங்காது, புதையவும் முடியாது. மரப்பட்டைத் துண்டுகளுக்கும் இதே கதிதான். பூந்தொட்டி மண் வேண்டவே வேண்டாம், அதில் உரமும் பெர்லைட் எனும் வெள்ளைக் கல்நுரை மணிகளும் கலந்திருக்கும். பைன், சீடார் மரத்தூள்களில் உள்ள எண்ணெய் தோலுக்கு ஆகாது.

குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சூட்டு விரிப்பைத் தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். வெயில் தாங்காவிட்டால் கீழே தோண்டு என்பதுதான் இந்த உயிருக்குத் தெரிந்த ஒரே வழி. அடியில் சூடு இருந்தால் தோண்டத் தோண்ட நெருப்பை நோக்கிப் போகும். விரிப்பைப் பக்கச் சுவரில் ஒட்டி, 24 முதல் 28 டிகிரிக்குள் வெப்பநிலை நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் அந்தக் கவலை இல்லை. இங்கே சூடும் ஈரமும் தானாகவே வந்துவிடுகின்றன. குளிர்சாதனம் ஓடும் அறை மட்டும் காற்றை உலர்த்திவிடும். கவனிக்க வேண்டியது தண்ணீர். நம் குழாய்நீரில் கிருமிநாசினியாக இருப்பது, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். வாளியில் ஓர் இரவு வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்ற பழைய யோசனை குளோரமினிடம் பலிக்காது. மீன் கடையில் விற்கும் நீர்ச் சீராக்கியைச் சில சொட்டு விட்டுத்தான் தவளைக்குக் கொடுக்க வேண்டும்.

மரத்தவளை என்று வரும்போது என் தீர்ப்பு தலைகீழாகிறது. அது தோண்டாது, கிளையிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும். ஆழமான நார்த்தூள் அதற்கு வீண். அகலத்தைவிட உயரம்தான் முக்கியம், ஏறி உட்காரக் கிளைகள் வேண்டும். கீழே வெறும் துடைதாள் போட்டு ஆண்டுக்கணக்கில் நன்றாக வளர்க்கலாம். அழகுக்காக நார்த்தூள் வேண்டுமென்றால் நாலைந்து சென்டிமீட்டர் போட்டு மேலே காய்ந்த இலைகளைப் பரப்பினால் போதும், இரைக்குப் பாயும்போது தூள் வாயில் ஒட்டாது.

அக்கா மகன் உரிமம் பெற்ற கடையில் கேட்டு, பட்டியலில் இருக்கும் இனம்தானா என்று சரிபார்த்து வாங்கிவிட்டான். நேற்று படம் அனுப்பினான். உயரமான தொட்டி, இரண்டு கிளைகள், கீழே நனைத்த வெள்ளைத் தாள். தாளின் ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதியிருந்தான். முப்பது நாளில் பத்தொன்பது முடிந்திருக்கிறது. நார்த்தூள் கட்டி இன்னும் பிரிக்காமல் சமையலறை அலமாரியின் மேல் இருக்கிறதாம்.