நாப்கினா, துணி பேடா, கப்பா? மேற்குக் கென்யப் பள்ளிகளுக்கு எது பொருந்தும்

கென்யா 2004-லேயே நாப்கினுக்கான மதிப்புக் கூட்டு வரியை நீக்கியது. 2017-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு அதை இலவசமாகத் தருவதைச் சட்டக் கடமையாக்கியது. இருந்தும், மேற்கில் உள்ள சியாயா போன்ற கிராமப்புறங்களில் எதைக் கொடுப்பது என்ற கேள்வி தீரவில்லை.

நாப்கின் பழகச் சுலபம். முதல் மாதமே யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ஐந்து நாளுக்கு 15 முதல் 20 வேண்டும். எட்டு இருக்கும் ஒரு பாக்கெட் மூன்றாம் நாளைத் தாண்டாது. அப்புறம் மாணவி ஒன்றையே காலையிலிருந்து மாலைவரை வைத்திருப்பாள். குழிக் கழிப்பறையில் போட்டால் பிளாஸ்டிக் மக்காது, குழி சீக்கிரம் நிரம்பும்.

துணி பேட் ஆறு இருந்தால் ஓராண்டுக்கு மேல் ஓடும். முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை படிந்துவிடும். பிறகு சோப்பு, நல்ல வெயில். இடறுவது கடைசியில்தான். கொடியில் தொங்கவிடக் கூச்சப்பட்டு மெத்தைக்கு அடியில் வைப்பாள். ஈரம் காயாமல் மறுநாள் அதையே கட்டினால் அரிப்பும் புண்ணும் வரும். மேலே மெல்லிய துணியொன்றைப் போர்த்தி வெயிலில் காயவைக்கச் சொல்லித்தர வேண்டும்.

மாதவிடாய் இரத்தத்தை உடலுக்குள்ளேயே ஏந்திக்கொள்ளும் சிலிக்கோன் கப் பத்தாண்டுவரை உழைக்கும். காலையில் வைத்தால் பள்ளி முடியும்வரை கவலையில்லை. நீரும் குறைவாகவே போதும். ஆனால் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கப்பின் வாயை மடித்து உள்ளே வைக்க வேண்டும். எடுக்கும்போது காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் உறிஞ்சுபிடி விடாமல் வலிக்கும்; அடிப்பாகத்தை அமுக்கிக் காற்றை உள்ளே விட்டால் இலகுவாக வந்துவிடும். மாதவிடாய் முடிந்ததும் ஐந்து நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். வீட்டுச் சமையல் பானையை அம்மா தரமாட்டார் என்பதால் கப்போடு ஒரு தகரக் குவளையும் கொடுத்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டால் கொதிக்கவைப்பதே நடக்காது. குழிக்குள் தவறி விழுந்தால் மாற்றுக் கப் வேண்டும்.

சியாயா பள்ளிகளில் நடந்த ஆய்வில் கப்போ நாப்கினோ பள்ளி இடைநிற்றலைக் குறைக்கவில்லை. ஆனால் இரண்டும் பெறாதவர்களைவிட, கப் பெற்றவர்கள், நாப்கின் பெற்றவர்கள் என இரு குழுவிலும் பாலியல் தொற்றுகள் குறைவாக இருந்தன. நாப்கின் வாங்கித் தரும் ஆணுக்குப் பணிய வேண்டிய நிலை அப்பகுதிச் சிறுமிகள் சிலருக்கு இருப்பதால், இது சிறிய விஷயமே அல்ல.

எங்கள் தேர்வு: புதிதாகப் பூப்பெய்தியவர்களுக்குத் துணி பேட். மூத்த மாணவிகளில் விரும்புவோருக்கு, பழக்கிவிட ஒரு செவிலியரோடு கப். பள்ளி அலமாரியில் அவசரத்துக்கு நாப்கின். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்கு முதலில் தாழ்ப்பாள். அது இல்லாமல் இம்மூன்றில் எதையும் மாற்ற முடியாது.