வலிப்பு மருந்து வாங்க நம்பிப் போகக்கூடிய ஒரு மருந்தகம்

வலிப்பு நோயுள்ளவர் இருக்கும் வீட்டில் மாத்திரை ஒரு நாளும் தீர்ந்துபோகக் கூடாது. திடீரென்று மருந்து நின்றால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பி வரலாம். சிலருக்கு அது விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். என் தம்பிக்காக நான் வழக்கமாக மருந்து வாங்கும் திருகோணமலை மத்திய வீதி மருந்தகத்தை இந்தத் தேவையை வைத்தே மதிப்பிடுகிறேன்.

அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து இலவசமாகக் கிடைப்பது எங்களுக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் அங்கே கையிருப்பு இல்லாத மாதங்களில் துண்டு எழுதித் தருவார்கள். அதை வெளியில்தான் வாங்க வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது ஒரு அட்டை மாத்திரைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு இந்தச் சுமை நன்றாகத் தெரியும். கடற்றொழில் செய்துவந்த தம்பி, தண்ணீரில் வலிப்பு வந்தால் மூழ்கிவிடக்கூடும் என்பதால் இப்போது படகில் ஏறுவதில்லை. மோட்டார் சைக்கிளும் ஓட்டுவதில்லை. உழைப்பு நின்றுபோன வீட்டில், கிளினிக் நாளில் அவனுக்குத் துணையாகப் போகும் அம்மாவின் அன்றைய கூலியும் இல்லாமற் போகிறது.

இந்த மருந்தகத்தில் நான் மிகவும் மதிப்பது, ஒரே கம்பனியின் மருந்தையே மாதந்தோறும் தருவதற்கு அவர்கள் எடுக்கும் அக்கறையைத்தான். தம்பிக்கு எழுதப்பட்டது மெதுவாகக் கரையும் கார்பமசெபின் என்னும் வலிப்பு மாத்திரை. முன்பு வேறொரு கடையில் எதுவும் சொல்லாமல் சாதாரண வகையைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இங்குள்ள மருந்தாளர் அட்டையைத் திருப்பிப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் காலாவதித் திகதியையும் கிளினிக் கொப்பியோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார். மருந்து வராவிட்டால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்கிறார். உறையில் காலை, இரவு என்று தமிழில் எழுதித் தருவதால் அம்மாவும் தடுமாறாமல் எடுத்துக் கொடுக்கிறார்.

ஒருமுறை சோடியம் வல்ப்ரோவேட் என்னும் வலிப்பு மருந்து வாங்க வந்த இளம் பெண்ணொருவர், தாம் கருவுற்றிருப்பதாகச் சொன்னதைக் கேட்டேன். அந்த மருந்து கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. மருந்தாளர் அவரை ஓரமாக அழைத்து, “நீங்களாக நிறுத்திவிட வேண்டாம் தங்கச்சி, ஆனால் இன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்” என்றார். விற்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்காத இத்தகையவரை எங்கள் ஊரில் காண்பது எனக்குப் பெருமை.

குறைகளும் உண்டு. மேசையருகே எப்போதும் கூட்டம் நிற்பதால், நோயின் விபரத்தைப் பலர் காதுபடச் சொல்ல வேண்டியிருக்கிறது. வலிப்பு என்று தெரிந்தாலே உடன்பிறந்தவர்களின் கல்யாணப் பேச்சுக்கூட நின்றுபோகும் ஊரில் இது சிறிய விடயமல்ல. ஒரு மறைப்பாவது வைக்க வேண்டும். குழந்தைகளுக்கான பாணி மருந்து பல வேளைகளில் இருப்பதில்லை. விலையும் மற்றக் கடைகளைவிடக் குறைவென்று சொல்ல முடியாது.

மூதூர், குச்சவெளி போன்ற தூர இடங்களிலிருந்து வருவோர் கையிலுள்ள மாத்திரை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே தொலைபேசியில் கேட்டுவிட்டு வருவது நல்லது. டொக்டரின் துண்டு இல்லாமல் இம்மருந்துகளைத் தரமாட்டார்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டு செல்லுங்கள்.