பார்க்கின்சனில் மாயக்காட்சி: குவெட்டியாபினா, க்ளோசாபினா?

பார்க்கின்சன் நோயுள்ள என் மாமியார், ஆளில்லாத கட்டிலில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லத் தொடங்கிய பிறகு, மருத்துவர் குவெட்டியாபின், க்ளோசாபின் என்ற இரண்டு மாத்திரைகளைப் பற்றியும் எங்களிடம் விளக்கினார். நாங்கள் குவெட்டியாபினுக்கு ஒப்புக்கொண்டோம். மாயக்காட்சியைத் தூண்டக்கூடிய சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, கண்புரை ஆகியவற்றைப் பார்ப்பதும், அதேபோல் அதைத் தூண்டக்கூடிய, நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிபெனிடில் போன்றவற்றை மருத்துவர் சொற்படி குறைப்பதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை.

மருந்தின் வலிமையை மட்டும் பார்த்தால் க்ளோசாபினே மேல். 6.25 மில்லிகிராமில் தொடங்கும் மிகக் குறைந்த அளவிலேயே அது மாயக்காட்சியைத் தணிக்கிறது என்பதையும், உடல் விறைப்பைக் கூட்டுவதில்லை என்பதையும் 1999இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. குவெட்டியாபின் ஆய்வுகளின் முடிவுகளோ ஒன்றுபோல் இல்லை.

இருந்தும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது ரத்தப் பரிசோதனைதான். க்ளோசாபின் சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால், தொடக்க மாதங்களில் வாரந்தோறும், பிறகு இடைவெளி கூட்டி, மருந்து தொடரும் காலமெல்லாம் ரத்தம் பார்த்தாக வேண்டும். நடுவில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். பரிசோதனை எளியது, எந்த லேபிலும் செய்வார்கள். ஆனால் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, வாசற்படியிலேயே கால் உறைந்து நின்றுவிடும் ஒருவரை வாரந்தோறும் ஆட்டோவில் ஏற்றி ஓசூருக்கு அழைத்துச் செல்வதும், முடிவைப் பெங்களூரில் உள்ள மருத்துவருக்கு அனுப்பி அவர் சரியென்ற பிறகே அடுத்த வாரத்துக்கு மாத்திரை வாங்குவதும் எங்களால் இடைவிடாமல் நடத்தக்கூடியவை அல்ல. இந்த மருந்தில் ஒரு வாரம் தவறினாலும் அது அலட்சியமாகிவிடும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர் கிடைக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு என் வாதத்தில் பாதி பொருந்தாது.

குவெட்டியாபினை இரவில் 12.5 மில்லிகிராமில், அதாவது 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதியாகத் தொடங்கினார்கள். பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள், ஆனால் அவர் அவர்களை விரட்டுவதில்லை. ஒருவரின் அனுபவத்தை வைத்து இதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை. காலையில் தூக்கக் கலக்கம் இருக்கிறது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவது இரண்டு மருந்துக்கும் பொது என்பதால், உட்கார வைத்தும் நிற்க வைத்தும் அளக்கிறோம். மறதிநோய் உள்ள முதியோருக்கு இவ்வகை மருந்துகள் உயிராபத்தைக் கூட்டக்கூடும் என்ற எச்சரிக்கையும் இரண்டுக்கும் உண்டு.

எதைத் தேர்ந்தாலும், ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சாபின் ஆகிய மனநோய் மருந்துகள் பார்க்கின்சனை மோசமாக்கும் என்று எழுதி, மருந்துச் சீட்டுகளோடு வைத்திருங்கள். அவசரப் பிரிவில் அது உதவும். சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்ற அளவுக்கு ஐயம் முற்றி அவர் சாப்பிட மறுத்தால், அலைச்சலைப் பொருட்படுத்தாமல் க்ளோசாபினுக்கு மாறிவிடுவோம் என்று மருத்துவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.