கியர்பாக்ஸின் மெகாட்ரானிக் மாற்றியதாகச் சொல்லி 1,87,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வேலைக்குப் பிறகு எடுத்த இரண்டாவது ஸ்கேன் ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

போன தொகை 1,87,400 ரூபாய். ஊர் கோவை. வாங்கியவர்கள் 'யூரோப்பியன் கார் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டியிருக்கும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப். புகார் போகப் போகிறது என்பதால் பெயர் போடவில்லை. இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும்.

வண்டி 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 74,000 கிலோமீட்டர் ஓடியது. ஏழு கியர் ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்), டிக்யூ200 என்பார்களே அந்த கியர்பாக்ஸ். சிக்னலில் நின்று கிளம்பும்போது டேஷ்போர்டில் கியர் எழுத்து மினுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் சீறுகிறது, வண்டி நகரவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இந்தக் கியர்பாக்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் எங்கே ஏமாற்றினார்கள் என்பது புரியாது. கிளட்ச் இரண்டு. ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு, மற்றொன்று 2, 4, 6, ரிவர்ஸுக்கு. இரண்டையும் மிதிப்பது நம் கால் இல்லை, மெகாட்ரானிக் என்ற பெட்டி. அதற்குள்ளேயே கம்ப்யூட்டர் போர்டு, வால்வுகள், ஒரு எலக்ட்ரிக் பம்ப், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் எல்லாம் இருக்கின்றன. பம்ப் ஓடி ஆயில் அழுத்தத்தை 60 பார் (அழுத்த அளவு) வரை ஏற்றும், நின்றுவிடும். கியர் மாற மாற அழுத்தம் இறங்கும், 40 பக்கம் வந்ததும் பம்ப் மறுபடி ஓடும். டிரைவர் கதவைத் திறந்ததும் முன்பக்கமிருந்து 'ஈ...' என்று ஒரு மெல்லிய சத்தம் வருமே, அது இந்தப் பம்ப்தான்.

அக்குமுலேட்டரைத் திருகி மாட்டும் இடத்தில் அலுமினியச் சுவர் மெல்லிசு. ஆண்டுக்கணக்கில் அழுத்தம் ஏறி இறங்கி அங்கே விரிசல் விடும். ஆயில் கசியும். பம்ப் ஓடு ஓடு என்று ஓடியும் அழுத்தம் நிற்காது. மோட்டார் எரிந்துவிடக் கூடாதே என்று கம்ப்யூட்டர் பம்பை நிறுத்திவிடும். அப்போது பதிவாகும் எரர் கோடுதான் பி17பிஎஃப். அதற்குப் பிறகு வண்டி நியூட்ரலில்தான் நிற்கும். இது ரகசியம் ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2019-இல் இதே விரிசலுக்காக இந்தக் கியர்பாக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

நம்பிய இடத்துக்கு வருகிறேன். அந்த ஒர்க்‌ஷாப்பில் டயக்னோசிஸை மிகச் சரியாகச் செய்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். சீனியர் மெக்கானிக் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்து பி17பிஎஃப் கோடைக் காட்டினார். வண்டியை லிஃப்டில் தூக்கி, அடித் தட்டைக் கழற்றி, ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை மெகாட்ரானிக் அடியில் ஒற்றி எடுத்து டார்ச் வெளிச்சத்தில் நீட்டினார். பச்சையாக ஒரு கறை. "பாருங்க சார், கியர் ஆயிலா இருந்தா இந்தக் கலர் வராது. இது ஹைட்ராலிக் ஆயில். அக்குமுலேட்டர் பக்கம் கிராக்." ஒரு வார்த்தை தப்பில்லை. மெகாட்ரானிக் ஆயில் பச்சைதான். ஸ்கேன் ரிப்போர்ட்டை பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவைத்தார்கள். இவ்வளவு வெளிப்படையாக இருப்பவர்கள் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

அப்புறம் ஓனர் வந்தார். "கம்பெனி சர்வீஸ்ல முழு யூனிட்தான் மாத்துவாங்க, ரெண்டரைக்குக் கீழ வராது சார். நம்ம கிட்ட அதே புது யூனிட், ஒன்னு எண்பத்தேழுல முடிச்சுத் தரேன், ஆறு மாசம் வாரண்டி." சர்வீஸ் சென்டரில் ஏற்கெனவே 2,64,000-க்கு எஸ்டிமேட் வாங்கியிருந்ததால் இது மலிவாகத் தெரிந்தது. அன்றே யுபிஐ-யில் 1,00,000, டெலிவரி அன்று 87,400. இரண்டும் ஓனரின் சொந்த நம்பருக்குப் போனது. கடைக் கணக்குக்கு இல்லை. இதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

'மெகாட்ரானிக் மாற்றாமல், விரிசல் விட்ட பாகத்தை மட்டும் மாற்றும் ரிப்பேர் கிட் போட முடியாதா' என்று கேட்டதற்கு வந்த பதில்: "கிட் எல்லாம் டெம்பரரி சார், ஆறு மாசத்துல திரும்ப வந்துடும். அதெல்லாம் நாங்க செய்யறதே இல்ல."

இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஐந்து நாளில் வண்டி வந்தது. ஓடியது. நன்றாகவே ஓடியது. பில் என்று கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த தாள். ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. மெகாட்ரானிக் யூனிட் புதிது 1,42,000. டிஎஸ்ஜி ஆயில் 6 லிட்டர் 10,800. டிஎஸ்ஜி ஃபில்டர் 3,600. லேபர் 18,500. கோடிங், அடாப்டேஷன் 9,500. கன்ஸ்யூமபிள்ஸ் 3,000. கூட்டினால் 1,87,400.

தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். ஆறு லிட்டர் ஆயிலும் ஃபில்டரும் ஈர கிளட்ச் டிஎஸ்ஜி-க்கு உரியவை, ஆறு கியர் டிக்யூ250 மாதிரி. அதில் கிளட்ச் ஆயிலில் ஊறிக்கொண்டே ஓடும், தேய்மானத் துகள் ஆயிலில் கலக்கும், அதனால் ஃபில்டர் உண்டு, ஆயிலும் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ட்ரை கிளட்ச்சில் அந்த ஃபில்டரே கிடையாது. கியர் பக்கம் இரண்டு லிட்டர்கூட ஆகாது, மெகாட்ரானிக் பக்கம் தனியாக ஒரு லிட்டர். இரண்டும் வேறு வேறு ஆயில், ஒன்றோடொன்று கலக்காது. ஆக, இல்லாத ஃபில்டருக்கு 3,600. பணம் கொடுக்கும்போது மொத்தத் தொகையைத்தான் பார்த்தேன், வரி வரியாகப் பார்க்கவில்லை.

41-ஆவது நாள் அதே மினுக்கல், அதே பி17பிஎஃப்.

போன் போட்டால், "அனுப்புங்க சார் பாத்துக்கலாம்." அனுப்புகிறேன் என்றால், "இந்த வாரம் லிஃப்ட் ஃப்ரீ இல்ல." அடுத்த வாரம், "ஓனர் ஊர்ல இல்லீங்க." பத்து நாள் இப்படியே போனது. வேறு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் விசிடிஎஸ் (இந்த வகைக் கார்களுக்கான ஸ்கேன் சாஃப்ட்வேர்) கேபிள் மாட்டி முழு ஸ்கேன் எடுத்துவிட்டு, "பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் வந்த அந்த பிடிஎஃப்பைக் காட்டினேன்.

முழு ஸ்கேனில் '02 ஆட்டோ ட்ரான்ஸ்' என்று ஒரு பகுதி வரும். அங்கே மெகாட்ரானிக்கின் சாஃப்ட்வேர் எண், ஹார்டுவேர் எண், சீரியல் நம்பர் எல்லாம் இருக்கும். ஹார்டுவேர் எண் (இதில் 0ஏஎம் 927 769 டி) இந்த வகை வண்டிகள் பலவற்றுக்கும் பொது. சீரியல் நம்பர் அப்படி இல்லை, ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி. வேலைக்கு முன்னால் அவர்களே எடுத்த ரிப்போர்ட்டில் கடைசி நான்கு எண் 4471. இப்போது எடுத்ததிலும் 4471.

யூனிட் மாறவே இல்லை.

வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். மெகாட்ரானிக் கியர்பாக்ஸின் முன்பக்கம் வெளியே இருக்கிறது, கியர்பாக்ஸை இறக்காமலே கழற்றலாம். மேலெல்லாம் பத்து வருட அழுக்கு, அக்குமுலேட்டர் இருக்கும் தட்டு மட்டும் பளபளவென்று புதிது. அதாவது 'நாங்க செய்யறதே இல்ல' என்ற அதே கிட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். விரிசல் விட்ட தட்டுக்குப் பதிலாகத் தடிமனான அலுமினியத் தட்டு, சில சீல்கள், போல்ட்கள். 1,42,000-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சாமான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிட் போட்டது குற்றமில்லை. போர்டும் பம்ப் மோட்டாரும் நன்றாக இருந்து தட்டு மட்டும் விரிசல் என்றால் கிட்தான் சரியான வைத்தியம், ஒழுங்காகப் போட்டால் நிற்கும். போர்டு போயிருந்தால்தான் கிட் உதவாது. இவர்கள் அதையும் ஒழுங்காகப் போடவில்லை. வீடியோ எடுத்துக்கொண்டேதான் கழற்றினோம். சீல் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் அழுத்தமே படாமல் இருந்தது. போல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ரெஞ்ச்) வைத்துப் படிப்படியாக முறுக்காமல், ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக இழுத்துக் கட்டினால் இப்படித்தான் ஆகும். தட்டு ஒரு நூல் சாய்ந்தாலும் 60 பாரில் ஆயில் வழி கண்டுபிடித்துவிடும்.

இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். மூன்று பதில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

முதலில், "ஸ்கேனர் சில சமயம் பழைய டேட்டாவைக் காட்டும் சார்." காட்டாது. ஸ்கேனர் அந்த நிமிடம் யூனிட்டைக் கேட்டு வாங்கிக் காட்டுகிறது.

அடுத்து, "பழைய டேட்டாவைப் புதுசுல குளோன் பண்ணிட்டோம், அதான் நம்பர் ஒன்னா இருக்கு." பழைய யூனிட் வாங்கிப் போடுகிறவர்கள் செய்கிற வேலை குளோனிங். புது யூனிட்டுக்குக் கோடிங் போட்டு, பி-யில் நிறுத்தி, பிரேக் மிதித்தபடி பேஸிக் செட்டிங் (கிளட்ச், கியர் நிலைகளை யூனிட் தானே அளந்துகொள்வது) ஓட்டி, பிறகு ரோட்டில் ஓட்டிப் பழக்க வேண்டும். கோடிங்குக்கு என்றே 9,500 வாங்கியிருக்கிறீர்களே, குளோன் என்றால் அது எதற்கு? சரி, அப்படியென்றால் பழைய யூனிட்டைக் கொடுங்கள் என்றேன். "ஸ்கிராப்புக்குப் போயிருச்சுங்க." பக்கத்தில் நின்ற பையன் அதே நேரத்தில், "கோர் ரிட்டர்ன் அனுப்பிட்டோம்ணா" என்கிறான், அதாவது பழைய யூனிட்டை விற்றவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஓனர்: "நாப்பது நாள் வண்டி ஓடுச்சுல்ல சார்? வாரண்டி எலக்ட்ரானிக்ஸுக்குத்தான், லீக்கேஜுக்கு இல்ல." புது யூனிட் என்று காசு வாங்கிவிட்டு, லீக்கேஜுக்கு வாரண்டி இல்லையாம். 1,87,400 ரூபாய்க்கு இதுதான் பதில்.

இப்போது வண்டி இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் புது சீல், புதுத் தட்டு, புது அக்குமுலேட்டர், ஒரு லிட்டர் பச்சை ஆயில், பேஸிக் செட்டிங் எல்லாம் சேர்த்து 31,000-இல் முடிந்து ஓடுகிறது. முதல் தடவையே இவ்வளவுதான் ஆகியிருக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓயவில்லை, பொறுமைதான் ஓய்ந்துவிட்டது. அவசரமாகச் சில:

வேலைக்கு முன்னால் முழு ஸ்கேன், பின்னால் முழு ஸ்கேன், இரண்டும் பிடிஎஃப் ஆக உங்கள் கையில் இருக்கட்டும். சீரியல் நம்பரை ஒப்பிடுங்கள். மெகாட்ரானிக் மட்டுமில்லை, ஏபிஎஸ் யூனிட், இன்ஜின் கம்ப்யூட்டர் எதை மாற்றியதாகச் சொன்னாலும் இதே வழிதான்.

'பழைய பார்ட் திருப்பித் தர வேண்டும்' என்று ஜாப் கார்டில் எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னால் ஸ்கிராப்புக்குப் போய்விடும்.

ஜிஎஸ்டி பில் இல்லாமல், சொந்த நம்பருக்குப் பணம் வேண்டாம். பில்லில் ட்ரை கிளட்ச்சுக்கு ஃபில்டர் என்று பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏமாந்துவிட்டால் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டாலும் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கிறதல்லவா, அழித்துவிடாதீர்கள்.

நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது. 41 நாளுக்குப் பிறகு போனையே எடுக்காத ஓனர் இன்று காலை தானாகவே மூன்று முறை அழைத்தார். எடுக்கவில்லை. 'சார் பேசி முடிச்சுக்கலாம், 40,000 அனுப்பறேன்' என்று மெசேஜ் வந்திருக்கிறது. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.